மூச்சு நின்றதே தெரியாதவர்கள்

உட்கார்ந்தபடியே மூச்சை அடக்கிப் பாருங்கள். முதல் பத்து விநாடி சுலபம். அரை நிமிடம் தாண்டினால் நெஞ்சு முட்டத் தொடங்கும். ஒரு நிமிடத்தை எட்டுவதற்குள் நம்மில் பெரும்பாலோர் தோற்றுவிடுவோம். இந்தத் தவிப்பு எதனால் வருகிறது என்று வகுப்பில் கேட்டால், “உயிர்வளி தீர்ந்துவிட்டது, ஆசிரியர்” என்றுதான் பலர் சொல்வார்கள். இல்லை. இரத்தத்தில் கரிவளி கூடுவதைத்தான் மூளை முதலில் கவனிக்கிறது. அது எழுப்பும் எச்சரிக்கை மணிதான் அந்தத் தவிப்பு.

அந்த மணி அடிக்காமலே போனால்?

2015-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படி ஒன்றைக் கண்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகள் சிலருக்கு அறுவை சிகிச்சை செய்வதுண்டு. அதற்கு முன், வலிப்பு மூளையின் எந்த மூலையில் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். அதனால் மெல்லிய மின்வாய்களை மூளைக்குள் செருகி, சில நாள் மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிப்பார்கள். அப்படிக் கண்காணித்தபோது, வலிப்பின் மின்புயல் அமிக்டலா என்ற பகுதிக்குப் பரவிய அதே வேளையில் நோயாளியின் மூச்சு நின்றது. பிறகு, வலிப்பு இல்லாத நேரத்தில் அதே இடத்தில் சிறிதளவு மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். மீண்டும் மூச்சு நின்றது. வியப்பு அதுவல்ல. மூச்சு நின்றது நோயாளிக்கே தெரியவில்லை! திணறலும் இல்லை, பயமும் இல்லை.

அமிக்டலா என்றால் கிரேக்க மொழியில் வாதுமைக் கொட்டை. காதுக்கு நேர் உள்ளே, இரு பக்கமும் ஒவ்வொன்றாக, ஏறக்குறைய அந்த வடிவத்தில் இருக்கிறது. பாம்பைக் கண்டதும் உடல் உறைந்து, மூச்சும் ஒரு கணம் நின்றுபோகிறதே, அச்சத்தைக் கையாளும் அந்த வேலையில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் மூச்சின் தாளத்தைப் போடுவது அமிக்டலா அல்ல. அது முகுளத்தின் வேலை. பாடநூலில் மெடுலா ஒப்லோங்காட்டா என்று படித்திருப்பீர்கள். அதற்குள் பிரீ-பொட்சிங்கர் தொகுதி என்ற சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. எலிக்குஞ்சின் மூளையிலிருந்து வெட்டிய மெல்லிய சீவலில்கூட அது மூச்சின் தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்ததை ஜாக் ஃபெல்ட்மனின் குழுவினர் 1991-இல் காட்டினார்கள். (பெயருக்கு ஏதோ பெரிய விஞ்ஞானி காரணம் என்று நினைக்காதீர்கள். மாநாட்டு விருந்தில் மேசைமேல் இருந்த ஒரு ஜெர்மானியத் திராட்சை மதுப் புட்டியின் பெயர் அது!)

ஆக, தாளம் போடுபவர் கீழே மூளைத்தண்டில் இருக்கிறார். மேலிருந்து “நிறுத்து” என்று சொல்லக்கூடியது அமிக்டலா. 2018-இல் சிகாகோ நகரின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் இன்னொரு புதுமையைக் கண்டார்கள். மூக்கால் மூச்சு விடும்போது அமிக்டலாவைத் தூண்டினால் மூச்சு நின்றது. வாயால் விட்டாலோ, மூச்சிலேயே கவனம் வைத்தாலோ நிற்கவில்லை. சுவாசத் தசைகள் செயலிழக்கவில்லை என்பது இதிலிருந்து புரிகிறது. தானாக வரும் கட்டளைதான் அடங்கிப்போகிறது. வலிப்பு வந்து நினைவிழந்தவர் “மூச்சு விடு” என்று தனக்குத்தானே எப்படிச் சொல்லிக்கொள்வார்?

ஆபத்து இங்கேதான். வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவர், எதிர்பாராத வகையில் திடீரென இறக்கிறார். சிறுவர்களில் இது சுமார் 4,500 பேரில் ஒருவர். எண்ணிக்கையில் அரிதுதான். ஆனால் காலையில் எழுப்பப் போன குடும்பத்துக்கு அது அரிது அல்ல. மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்தபோதே நிகழ்ந்த 16 மரணங்களின் பதிவுகளை ஓர் அனைத்துலகக் குழு 2013-இல் ஆராய்ந்தது. தெளிவான பதிவு இருந்தவர்களில் கடும் வலிப்புக்குப் பின் மூச்சு முதலில் நின்றது. இதயம் அதன் பிறகே நின்றது. பெரும்பாலானவை இரவில் நடந்தவை.

இனி மூளைப் படத்துக்கு வருவோம். இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் உயிர்வளியைச் சுமக்கும்போது ஒரு மாதிரியும், இறக்கிவிட்ட பின் வேறு மாதிரியும் காந்தப்புலத்தில் நடந்துகொள்ளும். இதைக் கொண்டு மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம் பிடிக்கலாம் என 1990-இல் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா. நாம் இன்று எஃப்.எம்.ஆர்.ஐ. என்று சொல்வது அதைத்தான். வலிப்பு வரும் நேரத்தில் இப்படிப் படம் எடுப்பது மிகக் கடினம். தலை சற்று அசைந்தாலே படம் கெட்டுவிடும். அதனால் வலிப்புக்காகக் காத்திராமல், ஐயோவா குழுவினர் நோயாளி கருவிக்குள் படுத்திருக்கும்போதே அமிக்டலாவை மின்வாய் வழியாகத் தூண்டிப் படம் எடுத்தார்கள்.

2023-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அமிக்டலாவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஓர் இடம் மிக விசித்திரமானது. அங்கே மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மூச்சு உடனே திரும்பவில்லை. கரிவளி ஏறியும் மூளை வழக்கம்போல் பதறவில்லை. படத்தில் இரண்டு இடங்களில் மாற்றம் தெரிந்தது. ஒன்று, தாளம் பிறக்கும் மூளைத்தண்டு. மற்றொன்று இன்சுலா. உடலுக்குள் நடப்பதை, மூச்சுத் திணறல் உட்பட, நமக்கு உணர்த்துவதில் அதற்குப் பங்குண்டு. மூச்சும் நிற்கிறது, எச்சரிக்கை மணியும் அடிப்பதில்லை என்ற புதிருக்கு இதுவரை நான் படித்த விளக்கங்களில் இதுவே பொருத்தமாகப் படுகிறது.

லண்டன் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். இப்படித் திடீரென இறந்த 12 பேருக்கு உயிரோடு இருந்தபோது எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களைத் தேடி ஆராய்ந்தார்கள். வலப்பக்க அமிக்டலாவை ஒட்டிய பகுதி அவர்களுக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. 2015-இல் வெளியான முடிவு இது. 12 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ஒருவரின் படத்தைப் பார்த்து “உனக்கு ஆபத்து” என்று சொல்ல இது போதாது.

உங்கள் வகுப்பிலேயே வலிப்பு நோயுள்ள நண்பர் இருக்கலாம். முறையான சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மருந்தை ஒருவேளைகூட விடாதிருப்பதே முதல் பாதுகாப்பு.

நம்மவர்களிடம் இன்னும் ஒரு பழக்கம் உண்டு. வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். இரும்பைக் கையில் கொடுத்ததும் வலிப்பு நின்றது என்று சாட்சியும் சொல்வார்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வர ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே! அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ திணிக்க வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், குப்புற விடாதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, உதறல் நின்றும் மூச்சு சீராக வராவிட்டாலோ உடனே 999-ஐ அழையுங்கள். “முடிந்துவிட்டது” என்று கூட்டம் கலையும்போது நீங்கள் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண் விழித்துப் பேசும்வரை நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.