ஊர் திரட்டிய பீரங்கிப் படை

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் வட கடலை நோக்கி நிற்கும் சிறு துறைமுக நகரம் ஆர்ப்ரோத். 1320-ல் ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை வலியுறுத்திப் பாப்பரசர் 22-ம் அருளப்பருக்கு எழுதப்பட்ட புகழ்பெற்ற கடிதம் இவ்வூர் மடத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. இவ்வூரார் தங்களைக் காக்கத் தாங்களே பீரங்கிப் படை அமைத்த வரலாறும் அறியத்தக்கது.

1781 மே மாதத்தில் பிரான்சின் சார்பாகக் கொள்ளையிட வந்த கப்பல் ஒன்று ஆர்ப்ரோத்தின் மீது குண்டு வீசியது. அதன் தலைவன் வில்லியம் ஃபால் கேட்ட பணயத் தொகை 30,000 பவுன்! பதில் சுட ஊரில் பீரங்கி இல்லை. ஊர்ப் பெரியோர் பேச்சை வளர்த்துக் காலத்தைக் கடத்தினர். இறுதியில் கப்பல் பணம் பெறாமலே திரும்பியது. பின்னர் துறைமுகத்தருகே பீரங்கி மேடை எழுந்தது. ஆனால் பீரங்கி மட்டும் இருந்தால் போதுமா? அதை இயக்கப் பழகிய கைகளும் வேண்டுமல்லவா?

1859-ல் மூன்றாம் நெப்போலியன் படையெடுப்பான் என்ற அச்சம் பிரிட்டன் முழுவதும் பரவியது. படையின் பெரும்பகுதியோ இந்தியா முதலிய தூர நாடுகளில் இருந்தது. எனவே அரசு தொண்டர் படைகளை அனுமதித்தது. துப்பாக்கியால் கப்பலைத் தடுக்க இயலாதாகையால், கரையோர ஊர்கள் பீரங்கிப் படைகளையே விரும்பின. ஆர்ப்ரோத்திலும் ஒரு படை அமைந்தது. தொண்டர்கள் தங்கள் அன்றாடத் தொழிலை விடாமல் ஓய்வு நேரத்தில் பயிற்சி பெற்றனர்.

அக்காலப் பீரங்கியை ஒருவரால் இயக்க முடியாது. ஒருவர் ஈரத் துடைப்பத்தால் குழாயிலுள்ள கனலை அணைப்பார். மற்றொருவர் பற்றவைக்கும் துளையை விரலால் அடைப்பார். வேறிருவர் மருந்தையும் குண்டையும் இட்டு இடிப்பார்கள். ஒருவர் தவறினாலும் மருந்து வெடித்து அருகில் நிற்பவரின் உயிர் போகும். அதனால் ஒற்றுமையே அப்படையின் முதற்பாடமாயிற்று.

எதிர்பார்த்த பிரெஞ்சுப் படையெடுப்பு வரவேயில்லை. 1908-ல் தொண்டர் படைகள் மாற்றியமைக்கப்பட்டபோது, ஆர்ப்ரோத் படை களப் பீரங்கிப் படையாயிற்று. 1915-ல் அது கடல் கடந்து சென்றது. எங்கே? பிரான்சுக்கு! எந்நாட்டுக்கு அஞ்சித் தாத்தாக்கள் பீரங்கி பழகினார்களோ, அந்நாட்டு மண்ணைக் காக்கவே பேரப்பிள்ளைகள் போரிட்டனர். ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே படையில் இருந்ததால், களத்தில் ஒருவர் வீழ்ந்தாலும் அத்துயரம் ஊர் முழுவதையும் வாட்டியது.

ஊர் கூடினால்தான் தேர் ஓடும். ஆனால் நேற்றைய பகைவர் நாளைய நண்பராகலாம் என்பதையும் இச்சிறு நகரின் கதை நமக்குச் சொல்லாமல் சொல்கிறது.