சன்னலோரப் புதினாவும் சொட்டுத் தைலமும்

ஊட்டியில மார்கழி, தை உறைபனி வெளியில் நிற்கிற புதினாவைக் கருக்கிவிடும். இரண்டு வருசம் பறிகொடுத்த பிறகு, அகலமான தொட்டிகளில் தண்டை நட்டு, கிழக்குச் சன்னலோரம் வைத்தேன். மண்ணும் மட்கிய எருவும் சரிபாதி. அடியில் துளை அவசியம். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். வேர் தொட்டியை நிறைத்துவிட்டால் பிரித்து நடணும்.

நம்ம மலையில் யூகலிப்டஸ் இலையை வேகவைத்துத் தைலம் இறக்குவதைப் பார்த்திருப்பீங்க. அதே சங்கதிதான். பூ விடும் தருணத்தில் இலையை அறுத்து, நிழலில் சில மணி நேரம் வாட விடுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர். தட்டின் மேல் இலை, நடுவில் கிண்ணம். குமிழ் மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றணும். சிறு தீ போதும். ஆவி மூடியில் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். முதல் தடவை பானைத் தண்ணீர் வற்றியதைக் கவனிக்கலை. தீய்ஞ்ச வாடைதான் மிச்சம்.

இப்போ கணக்கு. நல்ல வாலையில் வடித்தாலே ஒரு கிலோ பச்சை இலைக்குச் சில மில்லிதான். அடுப்படியில் வாசத் தண்ணீரும், அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலமும் மிஞ்சும். சமையல் புதினாவில் மெந்தாலும் சொற்பம். அதற்கு உத்தரப் பிரதேசத்தில் பயிராகிற ஜப்பான் புதினா வேணும். தைலத்தை அப்படியே பூசாமல் தேங்காய் எண்ணெயில் கலந்துக்கோங்க. கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

அதனால தைலம் வீட்டுக்கு. காய்ந்த இலைதான் எனக்கு விற்பனைக்கு.