இணையக் கூறுகளின் பயன்பாட்டுத் தகுதி: ‘பேஸ்லைன்’ அளவீடும் அதன் எல்லையும்

புதிய இணையக் கூறு ஒன்றைப் பயன்படுத்தலாமா என்பதை ஓர் உலாவியில் மட்டும் சோதித்து முடிவுசெய்ய இயலாது. இதற்கு உதவும் பொதுவளங்களுள் குறிப்பிடத்தக்கது, 2023இல் அறிமுகமான ‘பேஸ்லைன்’ அளவீடாகும். டபிள்யூ3சி அமைப்பின் ‘வெப்டிஎக்ஸ்’ சமூகக் குழு இதனை வரையறுக்கிறது. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய உலாவிகள் அனைத்தும் ஒரு கூறினை ஏற்றதும் அது ‘புதிதாகக் கிடைப்பது’ எனவும், அதன்பின் 30 மாதங்கள் கடந்ததும் ‘பரவலாகக் கிடைப்பது’ எனவும் வகைப்படுத்தப்படுகிறது.

எனினும், இவ்வளவீடு உலாவிகளின் வெளியீட்டுக் காலத்தையே கணக்கில் கொள்கிறது. பயனர் கையிலுள்ள கருவியை அது அறியாது. புதுப்பிக்கப்படாத பழைய கைப்பேசியில் படிப்போர் ‘பரவலாக’ என்னும் சொல்லுக்குள் அடங்காமல் போகலாம். ஆகவே, ‘கேன் ஐ யூஸ்’ தளம் தரும் பதிப்புவாரியான விவரங்களைத் தம் பயனர்களின் உலாவிப் பதிப்புகளோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கூறு இயங்காத இடத்தும் உள்ளடக்கம் தடையின்றிப் படிக்கக் கிடைப்பதே தேர்வின் அடிப்படை அளவுகோலாகும்.