கன்னியாவில் ஏழு கிணறுகள்

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் குளிப்பு என்றால் பீலிக்கரைதான். மார்கழியில் அந்தத் தண்ணீர் எலும்புவரை குளிரும். பூமியே சுடுநீர் தரும் இடம் ஒன்று உண்டு என்றபோது பெரியம்மா நம்பவில்லை.

கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குப் பஸ்ஸில் நீண்ட பயணம். நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றரில் கன்னியா. ஏழு சிறிய சதுரக் கிணறுகள். அடித்தரை தெரியும் அளவுக்கே ஆழம். ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு.

தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் தரையில் ஏழிடத்தில் குத்தினான் என்பது கதை. இங்கே எரிமலை இல்லை. பாறை வெடிப்புகளினூடாக ஆழத்துக்கு இறங்கும் மழைநீர் அங்கே சூடேறி மேலே வருகிறது. மகாஓயாவிலும் இப்படி ஊற்றுகள் உண்டு.

ஜப்பானில் வெளியே உடம்பைக் கழுவிவிட்டு, ஆடையின்றித் தொட்டியில் இறங்குவார்களாம். பெண்களுக்குத் தனியிடம் உண்டு. பெரியம்மாவிடம் சொன்னேன், முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். இங்கே கிணற்றில் இறங்குவதில்லை. குறுக்குக்கட்டுடன் நின்று வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். முதலில் காலில் ஊற்றிப் பாருங்கள். இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிக சூடானதைத் தவிர்ப்பது நல்லது.

அன்று ஒரு குடும்பம் 31ஆம் நாள் கிரியைக்கு வந்திருந்தது. அவர்களில் ஒரு அம்மா கேட்டார்:

"நீங்களும் அந்தியேட்டிக்கோ வந்தனீங்கள்?"

1983 கலவரத்துக்குப் பின் பெரியம்மா குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர். 2009இல் மகன் காணாமல் போனான். பிறகுதான் தனியாக எங்கள் லயத்துக்குத் திரும்பினார். திவசம் கொடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். நானும் ஒருமுறை சொன்னேன், அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"இல்லங்கம்மா, நாங்க சும்மா குளிக்கத்தான் வந்தோம்" என்றார் பெரியம்மா.

அந்த அம்மா மேலே எதுவும் கேட்கவில்லை. தன் வாளியை நீட்டினார். கொழுந்துக் கூடை சுமந்து தேய்ந்த தோளில் பெரியம்மா தண்ணீரை ஊற்றினார். முழங்கால், முதுகு, மறுபடியும் தோள். ஏழு கிணற்றிலும் குளித்தார். வியர்த்துவிட்டது அவருக்கு. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில், ஈரத்தலையைத் துவட்டியபடி சொன்னார்:

"அவன் சின்னப்புள்ளயில பீலித் தண்ணிக்குப் பயந்து ஓடுவான். வந்தான்னா இங்க கூட்டிட்டு வரணும்."