சுவிட்சைப் போட்டும் கம்ப்யூட்டர் விழிக்கவில்லையா?

லீவு நாளில் ஆசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறீர்கள். சுவிட்சைத் தட்டினால் கப்சிப்! திரை கருப்பாகவே இருக்கிறது. உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? "நீதான் கேம் விளையாடியே கெடுத்துவிட்டாய்" என்பார்கள். கேம் விளையாடியதால் கம்ப்யூட்டர் விழிக்காமல் போவது மிகமிக அபூர்வம். ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்துக் காட்டினால்தான் நம்புவார்கள்.

அதற்கு முன்னால், சுவிட்சைத் தட்டியதும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோமா?

உங்கள் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் தலைமையாசிரியர் வருவதற்கு முன்பே காவலாளி வந்து கேட்டைத் திறக்கிறார். விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா, வகுப்பறைச் சாவிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒரு சுற்று பார்க்கிறார். பிறகுதான் தலைமையாசிரியர் வந்து பள்ளியை நடத்துகிறார். கம்ப்யூட்டரின் காவலாளிக்கு 'பயாஸ்' என்று பெயர். மதர்போர்டில் ஒரு சின்னஞ்சிறு சிப்பில் குடியிருக்கும் புரோகிராம் அது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, ஹார்டு டிஸ்கில் தூங்கும் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பிப் பொறுப்பை ஒப்படைக்கும். அவைதான் தலைமையாசிரியர்கள்.

இந்த விழிப்புக்கு 'பூட்' ஆவது என்று பெயர் வந்த கதை வேடிக்கையானது. பூட்ஸின் பின்பக்கம் இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்கும் அல்லவா? அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. நடக்காத காரியம்! ஆனால் கம்ப்யூட்டர் தினமும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. புரோகிராமை ஏற்றுவதற்கே ஒரு புரோகிராம் வேண்டுமே! சின்னது பெரியதை எழுப்ப, அது அதைவிடப் பெரியதை எழுப்புகிறது.

ஆகவே கம்ப்யூட்டர் விழிக்கவில்லை என்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். எந்த இடத்தில் நின்றுபோனது?

விளக்கும் எரியவில்லை, ஃபேன் சத்தமும் இல்லை என்றால் காவலாளிக்கே சாப்பாடு போகவில்லை. அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பிளக்கில் கரண்ட் இருந்தால் பவர் கார்டு இறுக்கமாக இருக்கிறதா, பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டுக் கார்டு நழுவிய கதைகள் ஏராளம்! அடுத்ததாக, பிளக்கைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பிளக்கை மாட்டிச் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். மடிக்கணினிக்கும் இதே வைத்தியம்தான். சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

அப்படியும் அசையவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி பழுதாகியிருக்கலாம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துக் கொடுப்பது அதுதான். இடி மின்னலில் முதல் அடி வாங்குவதும் பெரும்பாலும் அதுவே. ஐப்பசி மாதம் மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நீங்களோ உங்கள் அண்ணனோ பிரிக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை உதறும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரை மட்டும் கருப்பு. இதுதான் எல்லோரையும் குழப்புகிற நோய். முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். திரை வேலை செய்யாதபோது காவலாளி 'பீப்' ஒலியால் பேசுவார். பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஒரே ஒரு குட்டி 'பீப்' வந்தால் சோதனை முடிந்தது, எல்லாம் நலம் என்று பொருள். நீளமாகத் திரும்பத் திரும்ப ஒலித்தால் பெரும்பாலும் மெமரியில் கோளாறு. கம்பெனிக்குக் கம்பெனி இந்த பாஷை மாறும் என்பதால் எத்தனை ஒலி, நீளமா குட்டையா என்று தாளில் குறித்துக்கொள்வது அவசியம்.

எங்கள் ஆழ்வார்குறிச்சியில், நான் இருக்கும் தெருவிலேயே ஒரு வீட்டில் இது நடந்தது. ஆனி, ஆடிச் சாரலில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீடு அது. திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் ஃபேன் ஓடுகிறது, படம் இல்லை. பார்த்தவர் ஒருவர், "மதர்போர்டு போய்விட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். பெரியவர்களும் சரி என்றுவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டுப் பாட்டி காலமாவதற்கு முன்னால் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்ன வீடியோ அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது! வேறு எங்கும் பிரதி கிடையாது.

எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் விடவில்லை. பீப் ஒலிகளை எண்ணி, "நீளமாக, விடாமல் அடிக்கிறது" என்று எழுதி, பாலிடெக்னிக் படிக்கும் தன் மாமாவிடம் காட்டினான். மாமா பிளக்கைக் கழற்றினார். பெட்டியின் இரும்பைத் தொட்டுத் தன் உடம்பில் இருந்த நிலைமின்சாரத்தை இறக்கினார். பிறகு மூடியைத் திறந்து, மெமரி கார்டைக் கழற்றினார். அதன் விளிம்பில் தங்க நிறத்தில் பற்கள்போல வரிசையாக இருக்கும். ஈரமும் தூசியும் சேர்ந்து அவற்றில் மங்கலாகப் படலம் படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்துவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினார். ஒரே ஒரு பீப்! திரையில் வெளிச்சம் வந்தது. செலவு? ஒரு ரப்பரின் ஓரம் கொஞ்சம் தேய்ந்தது, அவ்வளவுதான். பாட்டியின் வீடியோவை அன்று மாலையே இரண்டு பென் டிரைவில் ஏற்றிவிட்டார்கள். (பெரியவர்கள் உடன் இல்லாமல் நீங்கள் மூடியைத் திறக்காதீர்கள்!)

திரையில் எழுத்து வந்து நின்றுவிடுகிறதா? அப்படியானால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். எழுத்துகளை அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'பூட் டிவைஸ் இல்லை' என்கிற மாதிரி வந்தால் முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். காவலாளி அதைத்தான் ஹார்டு டிஸ்க் என்று எண்ணி ஏமாந்திருப்பார்! தேதி பல வருடம் பின்னால் காட்டினால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். 'சி.ஆர். 2032' என்று கேட்டால் கடையில் கிடைக்கும், 3 வோல்ட். பழையதைத் தம்பி, தங்கையின் கையில் அகப்படாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

காவலாளியையே தாக்கிய வைரஸும் உண்டு. 1999 ஏப்ரல் 26 அன்று, தைவான் மாணவர் ஒருவர் எழுதிய 'சி.ஐ.எச்.' என்ற வைரஸ், விண்டோஸ் 95, 98 ஓடிய ஏராளமான கம்ப்யூட்டர்களில் விழித்துக்கொண்டது. ஹார்டு டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில கம்ப்யூட்டர்களில் பயாஸையும் அழித்துவிட்டது! செர்னோபில் அணுஉலை விபத்து நடந்ததும் ஒரு ஏப்ரல் 26, 1986ஆம் வருடம். அதனால் 'செர்னோபில் வைரஸ்' என்றும் பெயர் வந்தது. இந்தியாவிலும் பலர் பாதிக்கப்பட்டார்கள்.

2024 ஜூலை 19 அன்று நடந்தது வேறு விதம். அன்று வந்தது வைரஸ் அல்ல. வைரஸைத் தடுக்கும் 'கிரவுட்ஸ்டிரைக்' நிறுவனத்தின் மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்! உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பல கம்ப்யூட்டர்களில் ஆட்கள் நேரில் போய், 'சேஃப் மோடில்' திறந்து, ஒரே ஒரு கோப்பை அழித்துத்தான் விழிக்க வைத்தார்கள். வேலை என்னவோ சில நிமிடம்தான். நின்றது எந்த இடத்தில் என்று தெரிந்ததால் முடிந்தது.

பெட்டிக்குள் 'டிக் டிக்' என்று ஹார்டு டிஸ்க் சத்தம் போட்டால் மட்டும் திரும்பத் திரும்பச் சுவிட்சைத் தட்டாதீர்கள். தட்டத் தட்ட உள்ளே இருப்பது மேலும் அழியலாம். கடைக்குக் கொண்டு போகும்போது நீங்கள் குறித்த தாளையும் அப்பா கையில் கொடுத்து அனுப்புங்கள். "கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்" என்று அதில் முதல் வரியாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மதர்போர்டு நிஜமாகவே போய்விட்டாலும் ஹார்டு டிஸ்கைத் தனியே கழற்றி, ஒரு யு.எஸ்.பி. கேபிள் வழியாக வேறு கம்ப்யூட்டரில் பொருத்திப் படிக்கலாம். இரும்புக்கடைக்குப் போவதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.