சாவி வருமுன் அட்வான்ஸ் கேட்டால்

ஏனாத்தூர் பல்கலைக்கழகத்திலும் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலும் படித்து முடித்து, மேற்படிப்புக்கு ஜெர்மனி, இங்கிலாந்து என்று கிளம்பும் பிள்ளைகளுக்கு விசா கிடைத்ததும் அடுத்த கவலை தொடங்கிவிடுகிறது. போய் இறங்கினால் எங்கே தங்குவது? மியூனிக்கிலும் பெர்லினிலும் வாடகை வீட்டுக்குக் கடும் தட்டுப்பாடு. மோசடிக்காரர்கள் காத்திருப்பது இந்தப் பதற்றத்துக்காகத்தான்.

அவர்கள் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஊர் நிலவரத்தைவிடக் குறைந்த வாடகையில், அழகான படங்களோடு ஒரு விளம்பரம். விசாரித்தால், "வேலை நிமித்தம் வேறு நாட்டில் இருக்கிறேன், நேரில் காட்ட முடியாது, அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்" என்று பதில். நம்பிக்கைக்கு ஒரு பாஸ்போர்ட் படம், ஓர் ஒப்பந்தம். "இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள்" என்றதும், அறை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் ஊரிலிருந்து அப்பாவே பணத்தை அனுப்பிவிடுகிறார். சாவி வருவதில்லை. சில சமயம் அந்த முகவரியில் வேறொரு குடும்பம் வருடக்கணக்காகக் குடியிருக்கும்.

ஜெர்மன் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தாலே இந்த வலையை அடையாளம் காணலாம். அங்கே அட்வான்ஸ் என்பது மின்சாரம், வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதையும் மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் கட்டலாம். முதல் தவணை வாடகைக்காலம் தொடங்கும்போதுதான். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள அது இடம் விடுகிறது. ஜெர்மனியில் அந்த இடமே கிடையாது. வாடகைதாரருக்குப் பாதகமாக எழுதிய நிபந்தனை செல்லாது.

தவணை உரிமை மாணவர்களுக்குச் சாதாரண விஷயமல்ல. விசாவுக்காக முடக்கக் கணக்கில் போடும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். மொத்த அட்வான்ஸையும் ஒரே நாளில் கேட்டால் கடன் வாங்கத்தான் வேண்டும். கேட்பவரிடம் சட்டத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு அட்வான்ஸ் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. வழக்கமான வாடகை ஒப்பந்தமாக இருந்தால், அந்தப் பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு, விவரத்தையும் தர வேண்டும். தவறினால், அட்வான்ஸைப்போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஆக, ஏனாத்தூரில் இருந்தபடியே நிரந்தர அறையைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பிப்பதுதான் முதல் வேலை. இடம் கிடைக்கவில்லையென்றால், முதல் சில வாரங்களுக்குத் தற்காலிக இடம் போதும். ஆனால் ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. அதைத் தருவார்களா என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நிரந்தர அறையைத் தானோ, அந்த ஊரில் இருக்கும் சீனியரோ உள்ளே போய்ப் பார்க்கும்வரை ஒரு யூரோகூட அனுப்பக்கூடாது. குடிபுகும் நாளில் சுவர்க்கறை, உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் படமெடுத்து, வீட்டுக்காரரும் மாணவரும் கையெழுத்திட்ட குறிப்பாக வைத்துக்கொண்டால், காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் செய்வது எளிதல்ல.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய இழப்பு. இந்திய வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். நேரம் போகப்போகப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். விளம்பரம், உரையாடல், பணம் போன கணக்கு எண் ஆகியவற்றை அழிக்காமல் வைத்து, அந்நாட்டுக் காவல்துறையிலும் புகார் தர வேண்டும். பாஸ்போர்ட் நகல் அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் கட்டாயம் எழுத வேண்டும். அடுத்த விளம்பரத்தில் 'வீட்டுக்காரர்' என்று காட்டப்படும் அடையாளம் அதுவாகவே இருக்கக்கூடும்.