பிகார்: துப்பாக்கி எழுதிய முகவரி

புத்தர் ஞானம் பெற்ற மண். அசோகர் அரசாண்ட பாடலிபுத்திரம். உலகெங்குமிருந்து மாணவர்கள் தேடி வந்த நாளந்தா. பள்ளிப் பாடநூல்களில் பிகார் இப்படித்தான் அறிமுகமாகிறது. ஆனால், தில்லியிலோ மும்பையிலோ ஒருவர் தன்னை பிகார்காரர் என்று சொல்லிக்கொண்டால் கேட்பவர்களின் நினைவுக்கு வருவது வேறு. சாதிப் படைகள், ஆள் கடத்தல், வாக்குச்சாவடிகளைக் கைப்பற்றும் கும்பல்கள், இடுப்பில் செருகிய நாட்டுத் துப்பாக்கி.

இந்தப் பெயர் முழுப் பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல. ஆயுதம், அரசியல், ஊடகம் ஆகிய மூன்றும் சேர்ந்து சுமார் அரை நூற்றாண்டுக் காலத்தில் உருவாக்கிய பெயர் இது. அதற்கான விலையைக் கொடுத்து வருபவர்களோ, பெரும்பாலும் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்திராத சாமானியர்கள்.

நவாப் விட்டுச் சென்ற தொழில்

பிகாரின் துப்பாக்கிக் கதை கங்கைக் கரையிலுள்ள முங்கேரில் தொடங்குகிறது. வங்காள நவாபாக இருந்த மீர் காசிம், 1760-களின் தொடக்கத்தில் தனது தலைநகரை முர்ஷிதாபாதிலிருந்து இங்கு மாற்றினார். கிழக்கிந்திய கம்பெனியின் படைக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் சொந்தமாக ஆயுதம் செய்ய வேண்டும் என்று கருதிய அவர், குர்கின் கான் என்ற ஆர்மீனியத் தளபதியின் பொறுப்பில் ஆயுதச் சாலை அமைத்தார். 1764-ல் பக்ஸார் போரில் நவாப் தோற்றார், ஆட்சி போயிற்று. துப்பாக்கி செய்யக் கற்றுக்கொண்ட குடும்பங்கள் மட்டும் முங்கேரிலேயே தங்கிவிட்டன.

சுதந்திர இந்தியாவிலும் இத்தொழில் சட்டப்படி தொடர்ந்தது. அரசு உரிமம் பெற்ற சிறு தொழிற்கூடங்கள் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகளைத் தயாரித்தன. ஆனால், ஆயுத உரிமம் வழங்குவதில் அரசின் கெடுபிடி கூடக்கூட விற்பனை சரிந்தது. வேலை இழந்தவர்களின் கைகளில் தொழில் நுணுக்கம் மட்டும் மிஞ்சியது. அவர்களில் ஒரு பகுதியினரைக் கள்ளச் சந்தை அரவணைத்துக் கொண்டது. ஹிந்தியில் 'கட்டா' எனப்படும் நாட்டுத் துப்பாக்கி முங்கேரின் அடையாளமானது அப்படித்தான்.

2018-ல் நிலைமையின் தீவிரம் நாட்டுக்கே தெரிந்தது. மத்தியப் பிரதேச மாநிலம் ஜபல்பூரிலுள்ள மத்திய ஆயுதக் கிடங்கிலிருந்து கடத்தப்பட்ட ஏ.கே. 47 துப்பாக்கிகள் முங்கேர் மாவட்டக் கிராமங்களில் அடுத்தடுத்துப் பிடிபட்டன. கிணற்றுக்குள்ளிருந்தும் அவை எடுக்கப்பட்டன. கைப்பற்றப்பட்டவை இருபதுக்கும் மேல். ஆயுதங்கள் வெளியேறியது பாதுகாப்புத் துறையின் கிடங்கிலிருந்து. ஆனால், கெட்ட பெயர் முங்கேருக்கு.

முங்கேர் மாவட்டத்துக்கு வேறு முகங்களும் உண்டு. நாட்டின் பழமையான ரயில்வே பணிமனைகளில் ஒன்று 1862-ல் ஜமால்பூரில் தொடங்கப்பட்டது. வெளிநாட்டினரும் தேடி வந்து பயிலும் பிகார் யோகப் பள்ளியை முங்கேரில் நிறுவியவர் சுவாமி சத்யானந்த சரஸ்வதி. அவருடைய குருவான ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர், திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்தவர். இவையெல்லாம் அரிதாகவே செய்தியாகின்றன.

புள்ளிவிவரம் சொல்வது

துப்பாக்கிகளின் எண்ணிக்கைதான் ஒரு மாநிலத்தின் பெயரைத் தீர்மானிக்கிறது என்றால், பட்டியலில் பிகார் முன்னணியில் இருக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2016 இறுதியில் நாடு முழுவதும் இருந்த ஆயுத உரிமங்கள் 33.69 லட்சம். இதில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு மட்டும் 12.77 லட்சம். சுமார் 3 கோடி மக்கள்தொகை கொண்ட பஞ்சாபில் 3.59 லட்சம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பிகாரில் சுமார் 82 ஆயிரம்தான்.

உரிமம் இல்லாத ஆயுதங்கள் இக்கணக்கில் வராது என்பது உண்மையே. பிகாரின் சிக்கல் அவற்றில்தான் இருக்கிறது. கொலைக் குற்றங்களைப் பார்த்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி உத்தரப் பிரதேசத்துக்கு (3,491) அடுத்த இடத்தில் பிகார் (2,930) இருந்தது. ஆனால், மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் படம் மாறுகிறது. லட்சம் பேருக்கு இத்தனை கொலை என்ற விகிதம் தேசிய அளவில் 2.1 ஆக இருந்தபோது பிகாரில் 2.3. அண்டை மாநிலமான ஜார்க்கண்டில் அது 4.0. சராசரியைவிடச் சற்றே கூடுதலான விகிதம், நாட்டிலேயே மோசமான பெயர் என்பதுதான் பிகாரின் நிலை.

பஞ்சாபில் திருமண வீடுகளில் வானை நோக்கிச் சுடுவதும், பாடல்களில் துப்பாக்கியைக் கொண்டாடுவதும் பல காலமாக உள்ளவை. பாடகர் சித்து மூஸேவாலா 2022 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அதே ஆண்டு நவம்பரில் ஆயுதங்களைப் பொது இடங்களில் காட்டுவதற்கும் அவற்றைப் போற்றும் பாடல்களுக்கும் மாநில அரசு தடை விதித்தது. ஆயினும் பஞ்சாப் என்றதும் கோதுமை வயலும் ராணுவ வீரரும் நினைவுக்கு வருவது நிற்கவில்லை. பஞ்சாபில் துப்பாக்கி பெருமிதத்தின் சின்னமாகவும், பிகாரில் குற்றத்தின் சின்னமாகவும் பார்க்கப்படுகிறது. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை அரசியலில்தான் தேட வேண்டும்.

வாக்குப் பெட்டிக்குக் காவல்

1957 பொதுத் தேர்தலின்போது பேகுசராய் மாவட்டம் ரசியாஹி கிராமத்தில் நடந்ததுதான் நாட்டில் பதிவான முதல் வாக்குச்சாவடிக் கைப்பற்றல் என்று சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் அரசியல்வாதிகளுக்காக அடியாட்கள் துப்பாக்கி தூக்கினர். பின்னர், பிறரை வெற்றி பெறச் செய்வதைவிட நாமே போட்டியிட்டால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது. 'பாஹுபலி' என்ற சொல் சினிமாவுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே பிகார் அரசியலில் புழக்கத்தில் இருந்தது.

கிராமங்களில் நிலமும் சாதியும் இதே துப்பாக்கியைக் கையில் எடுத்தன. 1977-ல் பெல்ச்சியில் 11 பேர் கொல்லப்பட்டனர். அக்கிராமத்துக்கு இந்திரா காந்தி யானை மீது சென்றது தேசிய அரசியலையே திருப்பியது. 1992-ல் கயா மாவட்டம் பாராவில் உயர் சாதியினரை நக்சல்கள் கொன்றனர். 1997 டிசம்பர் 1-ம் தேதி இரவில், லக்ஷ்மண்பூர் பாத்தேயில் பெண்கள், குழந்தைகள் உள்பட 58 தலித்துகளை நில உடைமையாளர்களின் ரண்வீர் சேனை சுட்டுக் கொன்றது. அவ்வழக்கில் 2010-ல் விசாரணை நீதிமன்றம் 26 பேரைத் தண்டித்தது. 2013-ல் பாட்னா உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது. 58 பேர் கொல்லப்பட்டதற்கு உயர் நீதிமன்றத் தீர்ப்புப்படி குற்றவாளி எவரும் இல்லை.

ஆட்சியர்களும் அமைச்சர்களும்கூடத் தப்பவில்லை. கோபால்கஞ்ச் மாவட்ட ஆட்சியர் ஜி. கிருஷ்ணையா 1994-ல் முசாஃபர்பூர் அருகே கும்பலால் அடித்தும் சுட்டும் கொல்லப்பட்டார். இன்றைய தெலங்கானாவிலிருந்து பணிபுரிய வந்த தலித் அதிகாரி அவர். 1998 ஜூனில் முன்னாள் அமைச்சர் பிருஜ் பிஹாரி பிரசாத் பாட்னா மருத்துவமனை வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் பூர்ணியாவில் மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. அஜித் சர்க்கார் பலியானார்.

சாக்கடை வழக்கில் பிறந்த சொல்

லாலு பிரசாத், ராப்ரி தேவி ஆகியோரின் 15 ஆண்டு ஆட்சியைக் குறிக்க 'ஜங்கிள் ராஜ்' என்ற சொல் இன்றும் பயன்படுகிறது. காட்டாட்சி என்று பொருள். இச்சொல் பிரபலமான விதம் வியப்புக்குரியது. 1997 ஆகஸ்டில் பாட்னா உயர் நீதிமன்றம் வாய்மொழியாகக் கூறிய கருத்து அது. அப்போது விசாரணையில் இருந்தது கொலை வழக்கல்ல. பாட்னா நகரின் கழிவுநீர், சுகாதாரச் சீர்கேடு தொடர்பான வழக்கு. சாக்கடை குறித்த கண்டனம், எதிர்க்கட்சிகளின் கையில் துப்பாக்கி குறித்த முழக்கமாக உருமாறியது.

லாலுவின் ஆதரவாளர்கள் இதற்கு வேறு விளக்கம் தருகின்றனர். பிற்படுத்தப்பட்டோரும் தலித்துகளும் முதன்முறையாகத் தலைநிமிர்ந்து பேசிய காலம் அது. அதைப் பொறுக்காத உயர் சாதியினரும் அவர்கள் வசமிருந்த பத்திரிகைகளும் சூட்டிய பெயர் இது என்பது அவர்களது வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதேசமயம், 2004-ல் மட்டும் பணம் கேட்டு 411 பேர் கடத்தப்பட்டதாக மாநிலக் காவல்துறையே பதிவு செய்துள்ளது. மருத்துவர்களும் வணிகர்களும் மாநிலத்தை விட்டு வெளியேறியது பத்திரிகைகளின் கற்பனையன்று.

தண்டனை வந்தது, பெயர் மாறியது

2005 அக்டோபர், நவம்பரில் நடந்த சட்டப்பேரவைத் தேர்தலைத் தேர்தல் ஆணையம் மிகக் கண்டிப்புடன் நடத்தியது. ஆணையத்தின் ஆலோசகர் கே.ஜே. ராவ் பிகாரில் வீடுதோறும் அறியப்பட்டவரானார். அதையடுத்து முதல்வரான நிதீஷ் குமாரின் அரசு புதிய சட்டம் எதையும் தேடவில்லை. பழைய ஆயுதச் சட்டத்தையே எடுத்துக்கொண்டது. கொலை வழக்கில் சாட்சிகள் அஞ்சிப் பின்வாங்குவார்கள். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்த வழக்கிலோ, அதைக் கைப்பற்றிய காவலர்களின் சாட்சியமே போதும். ஐ.பி.எஸ். அதிகாரி அபயானந்த் முன்னெடுத்த இந்த வழிமுறையால் பல முக்கியப் புள்ளிகள் விரைவு விசாரணையில் சிறை சென்றனர். ஓய்வுபெற்ற ராணுவத்தினரைக் கொண்டு சிறப்புத் துணைக் காவல் படையும் அமைக்கப்பட்டது. பணம் கேட்டு ஆள் கடத்தும் சம்பவங்கள் 2007-ல் 89 ஆகக் குறைந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முங்கேர் அதே இடத்தில்தான் இருந்தது. கைவினைஞர்களும் அங்கேயே இருந்தனர். சுட்டால் தண்டனை உறுதி என்ற நிலை வந்ததும் மாநிலத்தின் பெயரும் மாறத் தொடங்கியது. 'பிகார் மாறுகிறது' என்று அதே தேசிய ஊடகங்கள் எழுதின.

அந்த நற்பெயரை அரசியலே மீண்டும் குலைத்தது. கிருஷ்ணையா கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. ஆனந்த் மோகன், 2023 ஏப்ரலில் சிறை விதிகள் திருத்தப்பட்டதையடுத்து விடுதலையானார். திருத்தியது நிதீஷ் குமாரின் அரசுதான்.

ஊடகத்தின் இரு முகங்கள்

ஊடகத்துக்கு பிகார் கடன்பட்டதும் உண்டு. விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடியதை 1979-ல் வெளியான பத்திரிகைக் கட்டுரைகளே உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டு சென்றன. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்ற ஹுசைனாரா காத்தூன் வழக்குத் தீர்ப்பு அதன் பலன். பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் காவலர்கள் குருடாக்கிய கொடுமையை 1980-ல் அம்பலப்படுத்தியதும் பத்திரிகைதான்.

திரைப்படங்கள் வந்தபோது நிலை மாறியது. பாகல்பூர் சம்பவத்தின் சாயலில் பிரகாஷ் ஜா எடுத்த 'கங்காஜல்' (2003), ஆள் கடத்தலைப் பேசிய 'அபஹரண்' (2005) தொடங்கி, 2022-ல் இணையத்தில் வெளியான 'காக்கி' தொடர் வரை பிகார் என்றால் துப்பாக்கி என்பதே பாடம். 'கங்காஜல்' படப்பிடிப்பு நடந்ததோ மகாராஷ்டிரத்தின் வாய் நகரில். 'கேங்ஸ் ஆஃப் வாஸேபூர்' கதை நிகழும் தன்பாத் 2000-லேயே ஜார்க்கண்டுக்குப் போய்விட்டது. 'மிர்சாபூர்' உத்தரப் பிரதேசத்தில் உள்ளது. பார்வையாளர்கள் பலருக்கு இவை அனைத்தும் ஒரே ஊர்தான்.

2025 ஜூலையில் பாட்னாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐந்து பேர் கைத்துப்பாக்கியுடன் நடந்து சென்று நோயாளி ஒருவரைச் சுட்டுக் கொன்றனர். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அக்காட்சியைத் தொலைக்காட்சிகள் ஓயாமல் ஒளிபரப்பின. 'ஜங்கிள் ராஜ்' என்ற சொல் உடனே திரும்பி வந்தது. இம்முறை அதைச் சொன்னவர்கள் லாலுவின் கட்சியினர்.

விலை கொடுப்பவர்கள்

கெட்ட பெயரின் சுமை, அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் மீது விழுவதில்லை. 2003-ல் அஸ்ஸாமில் ஹிந்தி பேசும் தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர். 2008-ல் ரயில்வே தேர்வு எழுத மும்பை சென்ற இளைஞர்கள் தாக்கப்பட்டனர். 2018-ல் குஜராத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்காக ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்ப நேர்ந்தது. வெளியூரில் பிழைக்கச் சென்றவரின் மீது சந்தேகம் விழுவதற்கு, அவரது மாநிலத்தின் பெயரே பல நேரங்களில் போதுமானதாகிவிடுகிறது.

இந்த வலி எத்தகையது என்பதைத் தமிழகமும் ஒருமுறை உணர்ந்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொலிகள் வட மாநிலங்களில் பரவின. வேறெங்கோ, வேறு காரணங்களுக்காக நடந்த மோதல்களின் காட்சிகள் அவை. பிகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துத் திருப்தி தெரிவித்தது. ஆனாலும், அதற்குள் அச்சத்தில் பலர் ரயிலேறியிருந்தனர். ஒரு மாநிலத்தின் பெயரைக் கெடுக்கச் சில கைப்பேசிக் காணொலிகளும் சில நாள்களும் போதும் என்பதற்கு அதுவே சான்று.

2025 பேரவைத் தேர்தல் பிரசாரத்தில் 'கட்டா' என்ற சொல்லைப் பிரதமரே எதிர்க்கட்சிகளுக்கு எதிராகப் பயன்படுத்தினார். அதே தேர்தலில், மோகாமா தொகுதியின் ஐக்கிய ஜனதா தள வேட்பாளர் அனந்த் சிங் கொலை வழக்கில் கைதாகி, சிறையிலிருந்தபடியே வென்றார். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் ஆய்வுப்படி, குற்ற வழக்குகள் உள்ள எம்.எல்.ஏ.க்களின் பங்கு 2020-ல் 68 சதவீதமாக இருந்து 2025-ல் 53 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இது முன்னேற்றம்தான். எனினும், பாதிக்கும் மேல் என்பது மறைந்துவிடவில்லை.

மாநிலத்தின் பெயரை மீட்க விளம்பரங்களும் விழாக்களும் நடத்தப்படுகின்றன. ஆனால், பிகாரின் பெயர் உண்மையில் மாறியது 2005-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில்தான். அப்போது மாறியது விளம்பரம் அன்று. குற்றம் செய்தவர் யாராயினும் தண்டனை கிடைக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எல்லாக் கட்சிகளும் தேர்தலுக்குத் தேர்தல் சிறிது சிறிதாக விற்றுவிடுகின்றன. அதற்கான ரசீதோ, வெளியூர் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறும் தொழிலாளியின் கையில் திணிக்கப்படுகிறது.